பழைய காரின் பின்பக்கம் உறுமுகிறதா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய காரில் பின்பக்கத்திலிருந்து "ஊம்ம்ம்" என்று ஒரே சீரான சத்தம் வர ஆரம்பிக்கும். முதலில் சாலைதான் சரியில்லை என்று நினைப்போம், அப்புறம் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்போம், ஒரு கட்டத்தில் பின்சீட்டில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. யாரிடம் கேட்டாலும் உடனே வரும் பதில் "வீல் பேரிங் போயிருக்கும், மாத்திடுங்க" என்பதுதான் (சக்கரம் உரசாமல் சுற்ற வைக்கும் உருளை வளையம்தான் வீல் பேரிங்). பல நேரம் அது சரி. ஆனால் பேரிங்கை மாற்றிவிட்டு வண்டியை எடுத்தால் அதே சத்தம் அப்படியே இருப்பதும் அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் கோணலாகத் தேய்ந்த டயர் போடும் சத்தமும் போன பேரிங் போடும் சத்தமும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் கேட்கும். அனுபவமுள்ள மெக்கானிக் கூட உள்ளே உட்கார்ந்து கேட்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாமல் திணறுவார்.

அதனால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் ஏதோ ஒரு காரியத்தால் சத்தம் மாற வேண்டும். கூடலாம், குறையலாம், முன்பக்கம் போகலாம், நின்றே போகலாம், ஏதோ ஒன்று நடக்க வேண்டும். அப்படி ஒரு மாற்றத்தைக் காதால் கேட்காத வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். கீழே உள்ள சோதனைகளைச் செலவில்லாதது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில் என்று வரிசைப்படுத்தியிருக்கிறேன். அந்த வரிசையிலேயே போனால் பெரும்பாலான வண்டிகளில் பாதி வழியிலேயே விடை கிடைத்துவிடும்.

ஓட்டுவதற்கு முன்

நான்கு டயரிலும் காற்றை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குச் சரிசெய்யுங்கள். டிக்கியில் இருக்கும் எல்லாச் சாமான்களையும் வெளியே எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். கூரையில் கேரியர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள், ஏனென்றால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் அந்தக் கம்பிகள் போடும் காற்றுச் சத்தம் அச்சு அசலாகப் பின்சக்கரத்திலிருந்து வருவதுபோலவே கேட்கும். பின்சீட்டை மடிக்க முடிகிற ஹேட்ச்பேக் என்றால் சீட்டை நிமிர்த்திப் பூட்டி வையுங்கள். மடித்து வைத்தால் டிக்கியின் சத்தமெல்லாம் நேராக உள்ளே வரும், எது அதிகம் எது குறைவு என்றே தெரியாது.

ஒரு நல்ல, போக்குவரத்து குறைந்த, சமமான சாலையைத் தேர்ந்தெடுத்து எல்லாச் சோதனைகளையும் அதே சாலையிலேயே செய்யுங்கள். ஜன்னல்கள் மூடியிருக்கட்டும், ஏசி விசிறி, பாட்டு இரண்டும் நிற்கட்டும். இன்னொருவர் ஓட்ட நீங்கள் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, தலையை இடதுபக்கமும் வலதுபக்கமும் சாய்த்துக் கேட்பது நல்லது. டிக்கிக்குள் ஆளை உட்கார வைத்துக் கேட்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதைச் செய்யவே வேண்டாம். பின்னால் யாராவது இடித்தால் உயிர் போகும், புகைக் கசிவு இருந்தால் மயக்கம் வரும். அதற்குப் பதில் போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு டிக்கியின் இடது மூலையில் ஒருமுறை, வலது மூலையில் ஒருமுறை, முன்சீட்டுக்குக் கீழே ஒருமுறை என்று வைத்து, ஒரே வேகத்தில் பதிவு செய்து ஒப்பிட்டுக் கேளுங்கள்.

முதல் கேள்வி: சத்தம் எதோடு சேர்ந்து ஏறுகிறது?

இதற்கு விடை தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதி கழிந்துவிடும். சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தைப் பிடியுங்கள், 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் நான்காவது கியரில் கொஞ்ச தூரம், பிறகு மூன்றாவது கியரில் கொஞ்ச தூரம் போங்கள். சக்கரம் இரண்டு முறையும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் வேறு வேகத்தில் சுற்றுகிறது. சத்தத்தின் தொனி மாறாமல் இருந்தால் டயர், பேரிங், ஆக்சில் (இரு சக்கரங்களையும் தாங்கும் அச்சு), டிஃப்ரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பக்கம் தேட வேண்டும். கியர் மாற்றியதும் தொனியும் மாறினால் சைலன்சர், எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிடிப்பு) பக்கம் போக வேண்டும்.

அடுத்து, அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கிளட்சை மிதித்து நியூட்ரலில் சில நொடி உருளவிட்டுக் கேளுங்கள். சாவியை ஆஃப் செய்யக்கூடாது. பவர் ஸ்டியரிங்கும் பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாமல் போகும், சில வண்டிகளில் ஸ்டியரிங் பூட்டியும் கொள்ளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டத்தில் நியூட்ரலுக்குப் போகாமல் காலை மட்டும் எடுத்துக் கேட்டால் போதும்.

இங்கே கவனிக்க வேண்டியது மூன்று நிலைகள்: ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கும்போது, வேகம் கூடாமலும் குறையாமலும் லேசாகப் பிடித்திருக்கும்போது, முழுவதும் விட்டு வேகம் இறங்கும்போது. மூன்றிலும் சத்தம் ஒன்றுபோலவே இருந்தால் டயரோ பேரிங்கோ என்று நினைக்கலாம். இழுக்கும்போது மட்டும் வந்து விட்டதும் அடங்கினால், அல்லது விட்டதும் மட்டும் வந்தால், பல்சக்கரங்களில் தேய்மானம் இருக்கிறது. பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் அது டிஃப்ரன்ஷியலைத்தான் காட்டும்.

நின்றிருக்கும்போதும் கேட்கிறதா?

வண்டி நகராமலே கேட்டால் தேடும் இடம் வேறு. சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் இஞ்செக்‌ஷன் வண்டிகளில் பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும் எரிபொருள் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும். நீங்கள் தேடும் சத்தமும் அந்த ஒலியும் ஒரே மாதிரி இருந்தால் பம்ப் வயதாகிவிட்டது, இல்லை ஃபில்டர் அடைத்துப் பம்ப் திணறுகிறது. டேங்கில் எரிபொருள் குறையும்போது சத்தம் கூடி, நிரப்பியதும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். பின்பக்கச் சத்தம் என்றதும் எல்லோரும் சக்கரத்துக்கே ஓடுவதால் இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

அடுத்து ஸ்டார்ட் செய்து, நியூட்ரலில் வைத்து, ஆர்பிஎம்மை 1500-லிருந்து 3000 வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். நடுவில் ஏதோ ஒரு இடத்தில், பெரும்பாலும் 1800 முதல் 2500-க்குள், வண்டி முழுக்க "பூம்ம்" என்று அதிர்ந்து அப்புறம் அடங்கினால் அது சைலன்சர் வேலை. எஞ்சின் குளிர்ந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு பின்சைலன்சரைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்தாலோ, கல்லாக இறுகிப் போனாலோ குழாயின் அதிர்வெல்லாம் நேராகத் தரைத்தகட்டுக்குப் போகும். குழாய் பாடியிலோ ஆக்சிலிலோ உரசினால் அந்த இடம் மட்டும் துரு இல்லாமல் பளபளவென்று இருக்கும், அதைத் தேடுங்கள். சைலன்சரை முஷ்டியால் லேசாகத் தட்டும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் வந்தால் உள்தடுப்புத் தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன.

சைலன்சரில் ஓட்டை இருந்தால் அதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். பழைய வண்டிகளில் டிக்கி ரப்பர் நைந்திருக்கும், தரையில் இருக்கும் ரப்பர் மூடிகள் விழுந்திருக்கும். அந்த வழியாகக் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, மந்தம் ஏதாவது இருந்தால் சத்தத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கசிவை அடையுங்கள்.

போனை வைத்து ஒரு கணக்கு

காதை நம்ப முடியாதவர்களுக்கு இது கை கொடுக்கும், எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்த சோதனையும் இதுதான். ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்று தேடினால் இலவச ஆப்கள் நிறைய இருக்கின்றன. அது சத்தத்தை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு) கணக்கில் பிரித்து, எந்த இடத்தில் முகடு இருக்கிறது என்று காட்டும்.

கணக்கு எளிது. சின்னக் கார், நடுத்தரக் கார்களில் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர் சொச்சம், அதாவது சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட 12 சுற்று. டயரில் ஒரே இடத்தில் வீக்கம் இருந்தால் அந்த 12 ஹெர்ட்ஸில் அடிக்கும், காதால் கேட்பதைவிட சீட்டில்தான் தெரியும். பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.1 என்றால், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் 4.1 முறை சுற்றும் என்றால், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின்னால் போகும் நீளத் தண்டு) நொடிக்கு 48 சுற்று, எனவே ஷாஃப்ட் பேலன்ஸ் இல்லாவிட்டால் 48-இல் முகடு வரும். யூ ஜாயிண்ட் (அந்தத் தண்டின் மடங்கும் மூட்டு) கோளாறு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அடிப்பதால் 96 பக்கம் காட்டும். டிஃப்ரன்ஷியலுக்குள் பினியனில் (ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) 10 பல், கிரவுன் வீலில் (பினியன் சுற்றும் பெரிய பல்சக்கரம்) 41 பல் இருந்தால் பல் உரசும் ஒலி 480 பக்கத்தில் இருக்கும், அதனால்தான் டிஃப்ரன்ஷியல் சத்தம் உறுமலாக இல்லாமல் ஊளையாகக் கேட்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பதால் 2400 ஆர்பிஎம்மில் சைலன்சர் சத்தம் 80 ஹெர்ட்ஸில் வரும்.

உங்கள் வண்டியின் டயர் அளவையும் விகிதத்தையும் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, அதே வேகத்தில் பதிவு செய்யுங்கள். துல்லியம் தேவையில்லை, பக்கத்தில் வந்தால் போதும். பேரிங்கும் கோணல் டயரும் மட்டும் இப்படி ஒரே கூர்மையான முகடாக நிற்காமல் பரந்து தெரியும், அவற்றுக்கு வேறு சோதனைகள்தான் வேண்டும்.

டயர்: இதை முடிக்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்டயர்கள் மெதுவாகத்தான் தேயும். அதனால் அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை, பல வருஷம் அதே இடத்திலேயே கிடக்கும். சுமையும் குறைவு, இழுக்கும் வேலையும் இல்லை என்பதால் பட்டன்கள் (டயரின் மேல்பரப்பில் இருக்கும் ரப்பர் கட்டிகள்) சமமாகத் தேயாமல் ஒவ்வொன்றும் ஒருபக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து, ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். பார்த்தால் தெரியாது, பட்டன் ஆழமும் நன்றாகவே இருக்கும், அதனால் "டயர் புதுசு மாதிரி இருக்கே" என்று ஏமாந்து போவோம்.

கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்பி, ஆணி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையை டயரின் மேல் வைத்து சக்கரம் சுற்றும் திசையில் ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டும் மறு திசையில் பட்டன் முனைகள் கையில் இடித்துக்கொண்டும் இருந்தால் ரம்பத் தேய்மானம். உள்விளிம்பை மறக்காமல் தடவுங்கள், பெரும்பாலும் மோசமாக இருப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த உள்விளிம்புதான். சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் தளர்ந்து சக்கரம் குதித்துக்கொண்டே ஓடியிருக்கிறது, அல்லது நெடுநாள் பேலன்ஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஒரு விளிம்பு மட்டும் மழித்தது போலிருந்தால் பின்சக்கரத்தின் கோணம் தப்பியிருக்கிறது. பின்னால் சரிசெய்யும் வசதியே இல்லாத வண்டிகளில் ஆக்சில் வளைந்திருக்கலாம், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) நைந்திருக்கலாம்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் DOT (டாட்) என்ற எழுத்துகளுக்குப் பிறகு வரும் கடைசி நான்கு இலக்கம்தான் அது, 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரப்பர் இறுக இறுகச் சத்தம் கூடும். பத்து வருஷம் தாண்டிய டயரைப் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடச் சொல்லித்தான் பல டயர் தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், ஸ்டெப்னிக்கும் அது பொருந்தும்.

இப்போது சோதனை. முதலாவது, சாலையை வைத்துச் செய்வது: கரடான தார்ச்சாலையிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான சாலைக்கு அதே வேகத்தில் நுழையுங்கள். டயர் சத்தம் சட்டென்று குறையும் அல்லது தொனி மாறும். பேரிங்குக்குச் சாலை எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, இடம் மாற்றுவது: முன்னும் பின்னும் டயர் அளவு ஒன்றுதான் என்றால், அதே பக்கத்திலேயே முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாட்டி, அதே சாலையில் ஓட்டுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டாலோ, தொனி மாறிவிட்டாலோ குற்றவாளி டயர். துளியும் மாறவில்லை என்றால் டயரை மனதிலிருந்து நீக்கிவிடலாம். இந்த ஒரு சோதனை போல உறுதியான பதிலைத் தருவது வேறு எதுவும் இல்லை, ஆனால் அரைமணி நேர வேலை என்று பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

குறுக்காக, அதாவது இடதை வலதுக்கு மாற்றினால் டயர் எதிர்த்திசையில் சுற்றும், ரம்பத் தேய்மானம் உள்ள டயர் அப்போது ஆரம்பத்தில் முன்பைவிட அதிகமாகவே கத்தும். அதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஓட ஓடப் பட்டன் சமமாகி அடங்க வாய்ப்புண்டு. திசை அம்பு போட்ட டயரை மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

பக்கச்சுவரிலோ பட்டனிலோ வீக்கம் தெரிந்தால், அல்லது மெதுவாகப் போகும்போது பின்பக்கம் லேசாகத் தள்ளாடினால் உள்ளே இருக்கும் அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த டயரை அன்றே கழற்றிவிடுங்கள்.

வீல் பேரிங்

டயர் இல்லை என்று உறுதியான பிறகு இங்கே வரலாம். போன பேரிங் பெரும்பாலும் 40, 50 கி.மீ. வேகத்தில் மெல்ல ஆரம்பித்து வேகத்தோடு ஏறிக்கொண்டே போகும். காரணம் அநேகமாகத் தண்ணீர்தான். சீல் நைந்து ஈரம் உள்ளே போய், கிரீஸ் கெட்டு, ஓடுபாதையில் (பேரிங்கின் உருளைகள் உருளும் வளையப் பரப்பு) துருப்புள்ளி விழும். அந்தப் புள்ளி பெரிதாகிச் செதில் செதிலாக உதிரும். பள்ளத்தில் பலமாக இறங்கிய அடியாலும் ஓடுபாதையில் குழி விழும். அதனால் வெள்ளத்தில் ஓட்டியது, நடைபாதைக் கல்லில் இடித்தது மாதிரி ஏதாவது சமீபத்தில் நடந்திருந்தால் அந்தப் பக்கத்தை முதலில் சந்தேகப்படுங்கள்.

எந்தப் பக்கம் என்று தெரிய, பாதுகாப்பான அகலமான சாலையில், மிதமான வேகத்தில் ஸ்டியரிங்கை மென்மையாக இடதும் வலதும் அசையுங்கள். இடதுபக்கம் வளையும்போது எடை வலதுபக்கம் சாயும், வலது பேரிங் கெட்டிருந்தால் உறுமல் கூடும், எதிர்ப்பக்கம் வளைத்தால் குறையும். முன்சக்கரத்தில் இது தெளிவாகத் தெரியும். பின்சக்கரத்தில் எடை குறைவு என்பதால் அவ்வளவு தெளிவாக இருக்காது, சில இரட்டை வரிசைப் பேரிங்குகளில் தலைகீழாகக்கூட நடக்கும். அதனால் இதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு ஜாக்கிக்குப் போங்கள்.

சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியர் போட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையையோ தலையையோ உள்ளே விடவே கூடாது. ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். நான் சொல்வது முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு. பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஒரு சக்கரத்தைச் சுற்றினால் டிஃப்ரன்ஷியலும் மறுபக்கச் சக்கரமும் சேர்ந்து சுற்றிக் குழப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். "டொக்" என்று பிளே (ஆட்டம்) தெரிந்தால் பேரிங் போய்விட்டது, அல்லது தளர்ந்திருக்கிறது. பிளே இல்லை என்பதால் நல்ல பேரிங் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் உறுமும் பேரிங்குகளில் பெரும்பாலானவற்றில் பிளே வருவதற்கு நெடுநாள் முன்பே சத்தம் வந்துவிடும். அதனால் அடுத்த சோதனைதான் முக்கியம்: ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங்கின் மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. கெட்டது என்றால் உள்ளே மணல் போட்டு அரைப்பதுபோல ஒரு நறநறப்பு விரலுக்கு வரும். அப்படியே மறுபக்கமும் செய்து ஒப்பிடுங்கள், அந்த வித்தியாசம்தான் சாட்சி. ஸ்பிரிங் கைக்கு எட்டாத அமைப்பில் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹப்புக்கு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பின்னால் சுற்றாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்கலாம். டிரம் பிரேக்கில் லைனிங் உரசும் சத்தம் குறுக்கே வந்தால் டிரம்மைக் கழற்றிவிட்டு ஹப்பை மட்டும் சுற்றிப் பாருங்கள்.

சூடு பார்ப்பதும் உதவும். பிரேக்கை அதிகம் தொடாமல் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு பின் ஹப்புகளுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் நன்றாகச் சூடாக இருந்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். இரண்டில் எது என்று தெரிய, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள்: கஷ்டப்பட்டுச் சுற்றி உடனே நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது, பழைய வண்டியில் அநேகமாக ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி முழுதாகத் திரும்பாமல் இருக்கும்.

மாற்றும்போது சில விஷயங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் பின்னால் இரண்டு கூம்பு வடிவ உருளைப் பேரிங்குகள் இருக்கும், அவற்றை எடுத்துக் கழுவிப் பார்க்கலாம். ஓடுபாதை மங்கலாக ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தால் புதுக் கிரீஸ் போட்டுத் திரும்ப மாட்டலாம். புள்ளியோ செதிலோ நீல நிறமோ இருந்தால் வெளிவளையத்தோடு சேர்த்து மாற்ற வேண்டும். நட்டை இறுக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கு மென்மையாகத் திரும்ப முடுக்கி, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். இவ்வகைப் பேரிங்கில் அதிக இறுக்கம் லேசான தளர்வைவிட மோசம், எரிந்துவிடும்.

சீல் செய்த ஹப் பேரிங் என்றால் கதை வேறு. அதன் நட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசை அளவு) இறுக்க வேண்டும், நட்டும் புதிதாக இருக்க வேண்டும். உள்ளே ஏற்றும்போது எந்த வளையம் இறுக்கமாக உட்காருகிறதோ அதை மட்டும் அழுத்த வேண்டும். மறு வளையத்தின் வழியாக அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ புதுப் பேரிங்கிலேயே குழி விழுந்து, சில வாரத்தில் அதே உறுமல் திரும்பும். ஏபிஎஸ் வண்டிகளில் சில பேரிங்குகளின் ஒருபக்க சீலில் காந்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், திருப்பிப் போட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால்

இங்கே சந்தேகப் பட்டியல் நீளும். முதலில் டிஃப்ரன்ஷியல் ஆயில். வண்டி சமமாக நிற்கும்போது, ஆயில் ஊற்றும் நட்டை முதலில் கழற்றுங்கள். அது கழன்று வரும் என்று உறுதியான பிறகே கீழே வடிக்கும் நட்டைத் தொடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் இல்லாத வண்டியோடு நிற்க வேண்டியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் அந்தத் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால் பினியன் சீல், ஆக்சில் சீல் இரண்டையும் பாருங்கள். பிரேக் டிரம்முக்குள் ஆயில் வந்திருந்தால் ஆக்சில் சீலும் அதை ஒட்டிய பேரிங்கும் சேர்ந்தே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். காந்த நட்டில் சாம்பல் நிறப் பசை இருப்பது சாதாரணம். விரலில் உரசும்போது செதிலோ துண்டோ தட்டுப்பட்டால் உள்ளே ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. கையேடு சொல்லும் தர ஆயிலையே ஊற்றுங்கள், பல வண்டிகளுக்கு அது ஜிஎல்-5, 80டபிள்யூ-90. லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும்) வகை என்றால் அதற்கான தனிக் கலவையும் வேண்டும்.

ஊளை இழுக்கும்போது மட்டும் வந்தால் பல்லின் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது, விடும்போது மட்டும் வந்தால் மறு முகம். எல்லா நிலையிலும் வந்து, வீல் பேரிங்கைவிட உயர்ந்த தொனியில் இருந்தால் பினியன் பேரிங்கைப் பாருங்கள், அது சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாக உரசிப் பழகியவை, ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அமைக்கத் தெரிந்தவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகியும் மேலே தூக்கியும் பாருங்கள். யூ ஜாயிண்ட் மூடியைச் சுற்றிச் சிவப்புத் துருத்தூள் இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் நடுவில் இருக்கும் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா பாருங்கள், கிழிந்திருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை முழுக்க அதிரும், அதைத் தாண்டியதும் அடங்கும். ஷாஃப்டில் காய்ந்து ஒட்டிய சேறு கூடப் பேலன்ஸைக் கெடுக்கும். கழற்றும் முன் இணையும் இடங்களிலெல்லாம் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மாற்றி மாட்டினால் இல்லாத அதிர்வு புதிதாக வரும்.

எதுவும் சிக்காவிட்டால்

டிக்கிக் கதவின் ரப்பர் சப்பிப்போய், கதவு மூடிய நிலையிலும் லேசாக ஆடினால், அந்தப் பெரிய தகடு உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி விட்டு ஒரு கனத்த முழக்கத்தை உண்டாக்கும், காதடைப்பது போலிருக்கும். கதவோரத்து ரப்பர் பொத்தான்களை ஒரு சுற்று வெளியே திருகிக் கதவை இறுக்கமாக மூடி ஓட்டிப் பாருங்கள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை கழன்றிருந்தாலும், டிக்கித் தரையின் ரப்பர் மூடி விழுந்திருந்தாலும் சாதாரணமான டயர் சத்தமே இரட்டிப்பாகக் கேட்கும். ஷாக் அப்சார்பரின் மேல் புஷ்ஷும் ஆக்சில் புஷ்ஷும் நைந்து இரும்பு இரும்போடு பட்டால் அதே கதைதான்.

முன்சக்கரத்துப் பேரிங்கையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பாடியின் தகடு வழியாகச் சத்தம் ஓடிப் பின்சீட்டில் வந்து கேட்பது அபூர்வம் இல்லை.

எவ்வளவு நாள் தள்ளிப்போடலாம் என்று கேட்பீர்கள். ரம்பமாகத் தேய்ந்த, வயதாகாத, வீக்கமில்லாத டயர் காதுக்குத்தான் தொல்லை, வசதிப்படி மாற்றலாம். பிளே இல்லாமல் உறுமும் பேரிங்கைச் சீக்கிரம் மாற்றுங்கள், நெடும்பயணம் போக வேண்டாம். பிளே உள்ள பேரிங், ஆடும் யூ ஜாயிண்ட், டிஃப்ரன்ஷியலில் இரும்புத் துண்டு, உள்ளே வரும் புகை, இந்த நான்கில் எது இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அதே சாலையில், அதே வேகத்தில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டி முன்பு பதிவு செய்ததோடு ஒப்பிடுங்கள். சத்தம் பாதிதான் குறைந்திருந்தால் செய்த வேலை தவறு என்று முடிவுகட்ட வேண்டாம். தளர்ந்த ஷாக் அப்சார்பரும் ஆடும் பேரிங்கும் டயரையும் கெடுத்துவிட்டுத்தான் போகும், பாகத்தை மாற்றிய பிறகும் அந்த டயர் கத்திக்கொண்டே இருக்கும். அதை முன்னால் மாற்றிப் போட்டு இன்னொருமுறை கேளுங்கள். சக்கரம் கழற்றிய வண்டியில் 50-லிருந்து 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளைக் கையேடு சொல்லும் டார்க்கில் மறுபடி சரிபாருங்கள்.